பல்கலைக்கழகமும் கடைமடையும்

‘விரிவாக்கம்’ என்னும் சொல் இன்றைய தமிழில் இருவேறு பொருள்களைச் சுமந்து நிற்கிறது. நகர எல்லைக்கு அப்பால் புதிய வீட்டுமனைகள் எழுந்தால் அதனை விரிவாக்கப் பகுதி என்கிறோம். வேளாண்துறை அலுவலர் வரப்பில் வந்து நின்று, விதைநேர்த்தி பற்றி உழவரோடு பேசினால் அதனை விரிவாக்கப் பணி என்கிறோம். முன்னது இடத்தைப் பற்றியது. பின்னது உறவைப் பற்றியது. நம் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தம் விரிவாக்கத்தைப் பற்றிப் பெருமிதத்துடன் பேசும்பொழுது எந்தப் பொருளில் பேசுகின்றன என்று கேட்பதற்கு, காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு உரிமை உண்டு.

இடத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் உயர்கல்வி விரிந்த வரலாறு பெருமைக்குரியதே. 1857ஆம் ஆண்டில் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் மதுரையில் நடத்திவந்த விரிவாக்க மையமே 1966ஆம் ஆண்டில் மதுரைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதே பல்கலைக்கழகம் திருச்சியிலும் கோவையிலும் நடத்திய முதுகலை மையங்கள் 1982ஆம் ஆண்டில் பாரதிதாசன், பாரதியார் பெயர்களைத் தாங்கிய பல்கலைக்கழகங்களாயின. ஆலமரத்தின் விழுதுகள் மண்ணில் இறங்கித் தாமே மரங்களான காட்சி இது. தஞ்சையில் 1981ஆம் ஆண்டில் தமிழுக்கெனவே ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. ஒரத்தநாடு, நன்னிலம், வேதாரண்யம் முதலிய ஊர்களில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் உறுப்புக் கல்லூரிகளைத் தொடங்கியது. அவை பின்னர் அரசுக் கல்லூரிகளாயின. திருவாரூரில் 2009ஆம் ஆண்டில் மத்தியப் பல்கலைக்கழகம் வந்தது. அதிராம்பட்டினத்திற்கு அருகே இராசாமடத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியற் கல்லூரி அமைந்தது.

நம் சமுதாயமும் வாளாவிருக்கவில்லை. அரசோ பல்கலைக்கழகமோ வரட்டும் என்று காத்திராமல், அறக்கட்டளைச் சொத்தின் வருவாயைக் கல்விக்கு ஆக்கி, 1951ஆம் ஆண்டில் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியையும், 1955ஆம் ஆண்டில் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரியையும் முன்னோர் தோற்றுவித்தனர். கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் கலைக்கல்லூரி என்பது அந்நாளில் எளிதில் எண்ணிப்பார்க்கக்கூடியதன்று. இவற்றோடு அஞ்சல்வழிக் கல்வியையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். மதுரையில் 1971ஆம் ஆண்டிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1979ஆம் ஆண்டிலும் தொடங்கிய அத்திட்டங்களால், பூப்பெய்தியபின் பள்ளியை விட்டு நின்ற நம் வீட்டுப் பெண்கள் பலர், தபால்காரர் கொண்டுவந்த பாடக்கட்டுகளைக் கொண்டே பட்டம் பெற்றனர். அவர்களுள் சிலர் இன்று தலைமையாசிரியைகளாக இருக்கின்றனர்.

ஆயினும் இவையனைத்தும் அச்சொல்லின் முதற்பொருளையே நிறைவேற்றுகின்றன. படிக்க விரும்புவோர்க்கு வகுப்பறை அருகில் வந்தது. வகுப்பறைக்கு வரவே இயலாதவர்க்கு என்ன வந்தது?

இவ்வினாவிற்கு ஏட்டளவில் விடை உண்டு. கற்பித்தலும் ஆராய்தலும் போலவே சமுதாயத்திற்குச் சென்று பணியாற்றுதலும் பல்கலைக்கழகத்தின் மூன்றாவது கடமை எனப் பல்கலைக்கழக மானியக்குழு 1977ஆம் ஆண்டிலேயே கொள்கை வகுத்தது. அதற்கு முன்னரே, காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969ஆம் ஆண்டில் நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது. 1994ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தேசியத் தரமதிப்பீட்டுக்குழு, விரிவாக்கப் பணிக்கும் மதிப்பெண் வைத்திருக்கிறது. 2014ஆம் ஆண்டில் வந்த உன்னத் பாரத் திட்டத்தின்கீழ்க் கல்லூரிகள் சிற்றூர்களைத் தத்தெடுக்கின்றன. தத்தெடுத்தல் என்னும் சொல்லைக் கவனித்தல் வேண்டும். ஓராயிரம் ஆண்டாக நெல் விளைவித்துவரும் ஊரை, நேற்றுத் தோன்றிய கல்லூரி பிள்ளையாக ஏற்றுக்கொள்கிறதாம்!

மதிப்பெண் வந்தபின் பணியின் முகமே மாறிவிட்டது. ஏழுநாள் சிறப்பு முகாமில் குளக்கரை துப்புரவாக்கப்படுகிறது, மரக்கன்றுகள் நடப்படுகின்றன, புவிக்குறியிட்ட நிழற்படங்கள் எடுக்கப்படுகின்றன. மறுவாரம் ஆடுகள் கன்றுகளைத் தின்றுவிடுகின்றன. படங்களில் கல்லூரியின் பெயர் பொறித்த பதாகையை இருமருங்கும் பிடித்து நிற்கும் ஊர்ப்பெண்களுள் அப்பதாகையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதவரும் உளர். இதனைக் குறையாகச் சொல்வதற்கு நாம் கூச வேண்டியதில்லை. இது பொதுநோய்.

மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் 1934ஆம் ஆண்டில் பயன்பாட்டிற்கு வந்தபின், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களின் மேட்டுநிலங்களும் காவிரிநீர் பெற்றன. எனினும் தலைமடைக்காரர் வயலில் நீர் ததும்பி நிற்க, கடைமடைக்காரர் மதகைப் பார்த்து நிற்பது இன்றும் நாம் காணும் காட்சியே. கால்வாய் வெட்டினால் மட்டும் நீர் வந்துவிடுவதில்லை. தூர்வார வேண்டும், முறை வைக்க வேண்டும், கடைமடைக்காரன் குரலும் பாசனக் கூட்டத்தில் கேட்கவேண்டும். கல்வி வளாகங்களின் நிலையும் இதுவே என்பது என் கருத்து. அருகில் வளாகம் இருத்தல் வேறு. அறிவு வந்து சேர்தல் வேறு.

கடைமடையின் குரல் கேட்கப்பட்டபொழுது என்ன நிகழ்ந்தது என்பதற்கு நம் மாவட்டங்களிலேயே சான்றுகள் உண்டு. 1960-61ஆம் ஆண்டில் தீவிர வேளாண்மைத் திட்டத்திற்கு இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுக்கப்பெற்ற மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. 1922ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஆடுதுறை 27 போன்ற குறுகியகால நெல்வகைகளால் குறுவை பெருகியது. பெருகிய குறுவையின் அறுவடையோ வடகிழக்குப் பருவமழையில் வந்து மாட்டிக்கொண்டது. நனைந்த நெல் களத்திலேயே முளைத்தது. இவ்விடர் எங்கே நேர்ந்ததோ அங்கேயே, திருவாரூரில் நவீன அரிசி ஆலை வளாகத்தினுள், 1967ஆம் ஆண்டில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் எழுந்தது. அதுவே நெல் பதன்செய் ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, பின்னர்த் தஞ்சைக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக விளங்குகிறது. ஈரநெல்லைக் கையில் அள்ளிக்கொண்டு வந்து நின்ற உழவரின் கேள்வியே அந்நிறுவனத்தின் கால்கோள் எனலாம்.

மற்றொரு சான்று கல்வி நிறுவனம் எதற்கும் உட்படாதது. திருத்துறைப்பூண்டியை அடுத்த கட்டிமேட்டைச் சேர்ந்த நெல் செயராமன், நம்மாழ்வாரின் வழிகாட்டுதலில் நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல்வகைகளைத் தேடித் திரட்டினார். 2006ஆம் ஆண்டு முதல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, வந்த உழவர்க்கு இரண்டு கிலோ விதை தந்தார். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே அங்கு விதி. 2018ஆம் ஆண்டு திசம்பரில் அவர் மறைந்தார். அவர் வகுத்த அவ்விதியைக் கல்வியாளர்கள் ஊன்றி எண்ணுதல் வேண்டும். வாங்கியவர் வெறுங்கையராய் நிற்கவில்லை, கொடுப்பவராயும் ஆனார். உழவர் மேடையேறித் தம் வயலைப் பற்றிப் பேச, பேராசிரியர்கள் கீழே அமர்ந்து குறிப்பெடுத்தனர்.

இனி, நம் துறைக்கு வருவோம். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரிடம் விதை உண்டு, பொறியியலாரிடம் கருவி உண்டு, தமிழாசிரியர் ஊருக்குப் போய் எதைக் கொடுப்பது என்று மாணவர் கேட்பதுண்டு. முதலில் நாம் எதனை வாங்கி வந்தோம் என்பதைக் கூறிவிடுகிறேன்.

1980களிலும் 1990களிலும் நாட்டார் வழக்காற்றியல் தமிழ்த்துறைகளில் பேரலையாக எழுந்தது. இளமுனைவர் பட்டத்திற்கென மாணவர்கள் ஊரூராகச் சென்று தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் பதிவுசெய்தனர். பாடிய பெண்கள் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ‘தகவலாளிகள்’ ஆயினர்; பெயர், வயது, சாதி அல்லது சமயம், ஊர், ‘எழுத்தறிவு: இல்லை’. ஏடுகள் பொன்னெழுத்துப் பொறித்த மேலட்டையுடன் நூலகங்களில் அடுக்கப்பெற்றன. அவற்றால் பட்டம் பெற்றோம், பதவி பெற்றோம். 2022ஆம் ஆண்டு விதிமுறைகளால் அப்பட்டமே மானியக்குழுவால் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் எந்த ஏடேனும், பாடிய பெண்ணின் வீட்டுத் திண்ணைக்குத் திரும்பிச் சென்று, அவர் கேட்க வாசிக்கப்பட்டதா? மிக அரிதாகவே நடந்திருக்கும். இரண்டு கிலோ விதை வாங்கியவர் ஒரு மணியும் திருப்பித் தரவில்லை.

வகுப்பறையிலும் இவ்விழப்பு வெளிப்படுகிறது. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடப் புகுந்து, நாட்டுப் படலத்தில் தமிழ் மருதத்தையே விரித்துக் காட்டினார் என்பதை நாம் ஆண்டுதோறும் பெருமையுடன் கற்பிக்கிறோம். முக்கூடற்பள்ளு நெல்வகைகளையும் மாட்டுவகைகளையும் அடுக்கிச் சொல்வதையும் கற்பிக்கிறோம். இருபுறமும் நெல்வயல் சூழ்ந்த சாலையில் பேருந்தேறி வந்த மாணவர், ‘பொலி’ என்றால் என்ன என்று அகராதியைப் புரட்டுகிறார். தூற்றிய நெல் களத்தில் குவிந்து கிடப்பதே பொலி என்று சொன்னால் ‘களம்’ எது என்று விழிக்கிறார். அறுவடை இயந்திரம் வயலுக்குள்ளேயே கதிரறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை வண்டியில் கொட்டிவிடும் இந்நாளில் அவர் மீதும் பிழையில்லை. நேரடி விதைப்பு பெருகப் பெருக நாற்றங்காலும் நாற்றுமுடியும் குறைகின்றன. போரடித்தல், சூடடித்தல், கருக்காய், கதிர்க்கட்டு என இச்சொற்களையெல்லாம் கையால் செய்து அறிந்தவர்கள் எழுபது வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். கல்லூரி வாயிலிலிருந்து நடந்துசெல்லும் தொலைவில் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல் இருக்கிறது, எழுத்து இல்லை. நம் மாணவரிடம் எழுத்து இருக்கிறது, சொல் இல்லை. இவ்விரண்டையும் மாற்றிக்கொள்வதையே நான் கல்விக் கூட்டுறவு என்பேன்.

இது நடவாத கனவன்று. 1991ஆம் ஆண்டில் அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கற்பித்தவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள்; மாணவரும் ஆசிரியரும் இல்லத்தரசியரும் அவருள் அடங்குவர். கல்லுடைக்கும் பெண்களும் கூலிப்பெண்களும் மாலையில் வந்து கற்றனர். அப்போது ஆட்சியராயிருந்த சீலாராணி சுங்கத் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்பதை இயக்கத்தின் ஒரு கூறாகவே ஊக்குவித்தார். எழுத்தும் மிதிவண்டியும் ஒன்றாகச் சென்றபடியால் அப்பெண்கள் எழுத்தை மறக்கவில்லை என்று கூறத் தோன்றுகிறது. கற்றதற்கு அன்றாட வாழ்வில் பயன் இருந்தது. இயக்கத்தின் வேகம் பின்னர்த் தளர்ந்தபோது கற்றதைத் தொடர்ந்து வாசிக்க நூலின்றிப் பலர் பழைய நிலைக்கே மீண்டனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. அருகிலிருந்த கல்லூரிகள் நிலையாகத் தோள்கொடுத்திருக்க வேண்டிய இடம் அதுவே.

நம் சமுதாயத்திற்கு இவ்வகையில் இன்னொரு தனிக்கடன் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் முதலிய ஊர்களில் அரபுத்தமிழ் எனும் எழுத்துமுறை வழங்கிவந்தது. தமிழுக்கே உரிய ஒலிகளுக்குப் புள்ளியிட்டுப் புதிய எழுத்துகள் அமைத்து, அரபு வரிவடிவில் தமிழை எழுதினர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் நூல்கள் இயற்றினர். மார்க்கச் சட்டமும் மருத்துவமும் அதில் எழுதப்பட்டன. கடல்கடந்து சென்ற கணவர்க்கு மனைவியர் அதில் கடிதம் எழுதினர். அவ்வெழுத்தில் சரளமாக வாசித்த உம்மம்மாமாரை, ‘தமிழ் எழுதத் தெரியாதவர், எனவே படிக்காதவர்’ என்று நாமே சொல்லிக்கொண்டோம். அவர்களுள் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. வீட்டுப் பரண்களில் கிடக்கும் அரபுத்தமிழ் ஏடுகளைக் கரையான் வாசித்துக்கொண்டிருக்கிறது. நம் தமிழ்த்துறையில் அவற்றை வாசிக்கவல்லார் எத்தனைபேர்?

மதுரைப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கென ஓர் இருக்கை அமைந்து, இலங்கை அறிஞர் ம.மு. உவைஸ் அதன் முதற்பேராசிரியராய் வீற்றிருந்து, அவ்விலக்கியத்தின் வரலாற்றைப் பேராசிரியர் பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து பல தொகுதிகளாக எழுதினார். அறிஞர் பணி அவ்வாறு முடிந்திருக்க, ஊர்ப்பணி தொடங்கப்படாமலே கிடக்கிறது.

பெரியோர்கள் எழுப்பக்கூடிய தடையை நான் அறிவேன். கல்லூரிப் பெண்களை ஊருக்குள் அனுப்புவது முறையா என்பது அது. வீட்டுத் திண்ணையிலும் உள்ளறையிலும் அண்டைவீட்டுச் சிறுமியர்க்கு ஓதிக்கொடுத்த பெண்மணிகளை அவர்கள் நினைவுகூர்தல் வேண்டும். கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை, ஊரில் ஒரு தலைமுறையே அத்திண்ணைகளில் ஓதக் கற்றது. பத்ருப் போரில் சிறைப்பட்டவருள் எழுத்தறிந்தோர், மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதப்படிக்கக் கற்பித்து விடுதலை பெறலாம் என்று அண்ணலார் வகுத்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பகைவரிடமிருந்தும் எழுத்தைப் பெற்றுக்கொண்ட மரபினர், தம் மகளிர் அடுத்த தெருவில் எழுத்தறிவிப்பதற்குத் தயங்குதல் பொருந்தாது. பள்ளிவாசல் வட்டத்தில் யாரும் வந்து அமர்ந்து கேட்கலாம் என்றிருந்த பழைய முறையும் அவர்கள் அறியாததன்று.

ஆசிரிய நண்பர்கள் சொல்லும் தடை பாடத்திட்டம் பற்றியது. பருவத்தேர்வு முறையில் மூச்சுவிட நேரமில்லை என்பது உண்மையே. ஆயினும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஒருவர் ஆண்டிற்கு 120 மணிநேரம் பணியாற்றியாக வேண்டும் என்பது முன்பே உள்ள விதி. புதிதாக நேரம் தேடவேண்டியதில்லை. இருக்கும் நேரத்தைப் பதாகையிலிருந்து மீட்டால் போதும்.

மாணவர்களின் தடை வெளிப்படையானது: இதற்கு மதிப்பெண் உண்டா? உண்டு என்று ஆக்கலாம். செய்முறைத் தாளொன்றில், சொல் திரட்டிய குறிப்பேட்டைக் காட்டிலும் அக்குறிப்பேட்டை ஊரார் முன் வாசித்துக்காட்டியதற்கு மிகுந்த மதிப்பெண் வைத்தல் வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

எனவே துறையின் முன் நான் வைப்பது இது. வரும் கல்வியாண்டில் கல்லூரிக்கு அருகிலுள்ள ஓர் உழவர் குடியிருப்பையும், ஒரு மகல்லாவையும் தேர்ந்துகொள்வோம். உழவர் குடியிருப்பில் பெரும்பாலும் பிற சமயத்தார் இருப்பர், அதுவே நன்று. ஊராட்சியும் ஜமாஅத்தும் கல்லூரியும் சமமாக அமர்ந்து திட்டமிடட்டும். ஊர்ப்பெண்கள் இருவரேனும் அக்குழுவில் இருக்கட்டும். மாணவியர் எழுத்தறிவிப்பர், வங்கிச் சீட்டு, நெல் கொள்முதல் இரசீது, பட்டா, மருந்துச்சீட்டு ஆகியவையே அங்குப் பாடநூல். கற்கும் பெண்களும் முதியோரும் தம் சொற்களைத் தருவர். அரபுத்தமிழ் வாசிக்கவல்ல மூதாட்டி ஒருவர், உழவுச்சொல் அறிந்த முதியவர் ஒருவர் என இருவரையேனும் ஒவ்வொரு பருவத்திலும் வகுப்பிற்கு அழைத்து, வருகைதரு பேராசிரியர்க்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தை அவர்கட்கும் கொடுத்தல் வேண்டும். கையெழுத்துப் பட்டியலில் அவர்கள் பெயர் ‘தகவலாளி’ என்று இராது. ‘ஆசிரியர்’ என்றே இருக்கும். ஆண்டிறுதியில் திரண்ட சொற்கள் சிறு அகராதியாய் அச்சேறி, முதற்படிகள் அவ்வூர் வீடுகளுக்குச் செல்லட்டும். நூலகத்திற்கு எஞ்சியவை போதும்.

வகுப்பு நேரத்தை மட்டும் கல்லூரி முடிவுசெய்யலாகாது. சம்பா நடவு நடக்கும் வாரங்களில் மாலை நான்கு மணிக்கு வகுப்பு வைத்தால் வந்து அமரும் பெண் உறங்கிவிடுவார். நோன்பு மாதத்தில் மகல்லாவில் நேரம் வேறு. தை, மாசியில் அறுவடை முடிந்தபின்னரே பலருக்கு ஓய்வு. ஆகவே முதற்கூட்டத்தில் நாம் பாடத்திட்டத்தை எடுத்துச் செல்லாமல் வெற்றுத் தாளொன்றையே எடுத்துச்சென்று, உங்களுக்கு எந்நாள், எந்நேரம் இயலும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவோம். உடன்வர விரும்பும் மாணவ மாணவியர் தம் பெயரைத் துறை அலுவலகத்தில் தரலாம். தம் வீட்டில் அரபுத்தமிழ் ஏடு உடைய பெரியோர் அதனைத் துறைக்குக் கொடுத்துவிட வேண்டியதில்லை, வாசித்துப் படியெடுக்க இசைவு தந்தால் போதும்.